தாத்தாவின் ஐந்து பதக்கங்கள்: கல்வெட்டில் என்ன எழுதுவது முறை?

கேள்வி: புதுஆற்றங்கரை (ஒரத்தநாடு)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர்ப் பள்ளியின் முகப்பில், ஊரிலிருந்து பட்டாளத்துக்குப் போனவர்களின் பெயர்களைக் கருங்கல்லில் பொறித்து வைப்பதென்று ஊராட்சியும் முன்னாள் மாணவர்களும் சேர்ந்து முடிவு செய்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் முதலாவதாக வருவது காலஞ்சென்ற என் தாத்தாவின் பெயர். அவர் என் தாயாரின் தந்தை. பெயருக்குக் கீழே ‘இரண்டாம் உலகப் போரில் ஐந்து வீரப் பதக்கங்கள் பெற்ற மாவீரர்’ என்று எழுதியிருந்த தாளை என்னிடம் கொடுத்து, பிழை இருந்தால் திருத்தித் தருமாறு கேட்டார்கள். ஐந்து பதக்கங்கள் வீட்டில் இருப்பது உண்மை. ஆனால் அவை வீரச் செயலுக்காகத் தரப்பட்டவையா, போரில் பங்கெடுத்த எல்லோருக்கும் தரப்பட்டவையா என்பது எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தெரியவில்லை. கல்லில் ஏறிய எழுத்தைப் பிறகு யாரும் திருத்தப் போவதில்லை என்பதால்தான், விவரம் அறிந்தவர்களிடம் கேட்டுவிட்டுப் பதில் சொல்லலாம் என்று இங்கே எழுதுகிறேன்.

எங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். எட்டு மா நிலம் வைத்திருந்த குடும்பத்தில் தாத்தா இரண்டாவது மகன். நாங்கள் புது ஆறு என்று சொல்லும் கல்லணைக் கால்வாயில் 1934-ல் தண்ணீர் வந்தபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. அதுவரை வானம் பார்த்த மேட்டுப் புஞ்சையாகக் கிடந்த செம்மண் தரையை வெட்டிச் சமன்படுத்தி, வரப்பெடுத்து, நன்செயாக மாற்றுவதற்குக் கொள்ளுத்தாத்தா கடன் வாங்கினார். தண்ணீரும் வந்தது, நெல்லும் விளைந்தது. ஆனால் உலகமெங்கும் இருந்த பொருளாதார மந்தத்தாலும் கப்பல் கப்பலாக வந்திறங்கிய பர்மா அரிசியாலும் நெல்லுக்கு விலை இல்லாத காலமாக அது இருந்தது. அசல் அப்படியே நிற்க, வட்டி ஏறிக்கொண்டே போயிற்று. 1940-ல் சம்பா நடவு முடிந்த கையோடு, வீட்டில் ஒருவரிடமும் சொல்லாமல் தஞ்சாவூருக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாராம். பெங்களூரில் பயிற்சி பெற்றார். எந்தப் படை என்று கேட்டால் ‘மதராஸ் சாப்பர், பன்னிரண்டாவது கம்பெனி’ என்பதற்கு மேல் ஒன்றும் சொல்ல மாட்டார். 1946-ல் ஊர் திரும்பி, அந்தப் பருவமே ஏர் பிடித்தார். ஓய்வூதியம் எதுவும் அவருக்கு வரவில்லை. 1991-ல் காலமானார்.

போரைப் பற்றி அவர் வாய்திறந்து பேசியதாக என் மாமா நினைவு வைத்திருப்பது ஒரே ஒரு செய்தி: ‘மலை உச்சியில் பெரிய கோயில் ஒன்று இருந்தது. அதை ஏரோப்ளேன் வந்து இடித்துத் தூளாக்கியது. நாங்கள் கீழே ரோடு போட்டுக்கொண்டிருந்தோம்.’ அது எந்த ஊர், எந்தக் கோயில் என்று கேட்க அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

பதக்கங்களில் மூன்று, ஆறு முனை கொண்ட செம்பு நிற நட்சத்திரங்கள். அவற்றின் மீது ஆங்கிலத்தில் முறையே 1939-1945 நட்சத்திரம், ஆப்பிரிக்க நட்சத்திரம், இத்தாலி நட்சத்திரம் என்று எழுதியிருக்கிறது. ஆப்பிரிக்க நட்சத்திரத்தின் நாடாவில் ‘8-வது ஆர்மி’ என்ற பொருளில் ஒரு சிறு பட்டை தைத்திருக்கிறது. மற்ற இரண்டும் வெள்ளை உலோகத்தில் வட்டமானவை. 1952 புயலில் கூரையும் போய்ப் பயிரும் போனபோது பாட்டி அந்த இரண்டையும் அடகு வைக்க எடுத்துப் போனாராம்; ஆசாரி உரைத்துப் பார்த்து, வெள்ளி இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். உரைத்த தடம் ஒன்றின் விளிம்பில் இன்றும் இருக்கிறது. அந்தப் பதக்கத்தின் நாடாவிலேயே சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்று நீளமாக, பழுப்பேறிய உலோக இலை ஒன்றும் குத்தியிருக்கிறது. அது பாட்டியின் பழைய நகை ஏதோ ஒன்றிலிருந்து உடைந்த துண்டு, தொலையாமலிருக்க அதில் குத்தி வைத்திருப்பார் என்று மாமா சொல்கிறார். பதக்கம் எதிலும் பெயர் இல்லை. டிஸ்சார்ஜ் தாள்களைக் கரையான் தின்றுவிட்டது.

கல்லில் என்ன எழுதினால் பொய்யாகாது என்பதையும், தாத்தா அங்கே என்னதான் செய்தார் என்பதை அறிய இனியும் வழி உண்டா என்பதையும் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: பதக்கப்பெட்டி (கும்பகோணம்)

முதலில் ஒரு வேண்டுகோள். அந்த இலையை நாடாவிலிருந்து யாரும் பிடுங்க வேண்டாம், மெருகேற்றவும் வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

மூன்று நட்சத்திரங்களும் இரண்டு வட்டப் பதக்கங்களும் சேவைப் பதக்கங்களே. குறித்த காலத்தில் குறித்த போர்முனையில் பணியாற்றிய அனைவருக்கும், படைத்தலைவரிலிருந்து சமையற்காரர் வரை, ஒரே வடிவில் வழங்கப்பட்டவை. வட்டமானவற்றில் ஒன்றின் பின்புறத்தில் இரட்டைத் தலை நாகம் போன்ற விலங்கின் மீது சிங்கம் நிற்பதாக இருந்தால் அது வார் மெடல். போர்க்காலத்தில் 28 நாட்கள் முழுநேரப் பணியில் இருந்தவர்களுக்குரியது. மற்றொன்றில் ஒரு மரக்கன்றின் இருபுறமும் இரண்டு சிங்கங்கள் இருந்தால் அது டிஃபென்ஸ் மெடல். ஆகவே ‘ஐந்து வீரப் பதக்கங்கள்’ என்ற வாசகம் கல்லில் ஏறக்கூடாது. இதைச் சொல்வதால் உங்கள் தாத்தாவின் மதிப்பு எள்ளளவும் குறையாது. ஆனால் விவரம் தெரிந்த ஒருவர் பின்னாளில் அந்தக் கல்லைப் படித்தால், அதிலுள்ள உண்மையான செய்திகளையும் சேர்த்துச் சந்தேகிக்கத் தொடங்கிவிடுவார். ‘மாவீரர்’ என்ற சொல்லையும் நீக்கிவிடலாம் என்பதே என் கருத்து. அதே கல்லில் அவருக்குக் கீழே வரும் மற்றவர்களுக்கு அது நியாயமாக இராது.

வீரத்துக்கென்று அன்றைய இந்தியப் படையினருக்கு இருந்த விருதுகள் வேறு. 1837-ல் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கிய இந்தியன் ஆர்டர் ஆஃப் மெரிட், 1907-ல் ஏற்படுத்தப்பட்ட இந்தியன் டிஸ்டிங்விஷ்ட் சர்வீஸ் மெடல் ஆகியவை 1947 வரை வழக்கில் இருந்தன. ஜமாதார், சுபேதார் போன்றோருக்கு மிலிட்டரி கிராஸும், 1944 முதல் அவர்களுக்குக் கீழுள்ள படைவீரர்களுக்கு மிலிட்டரி மெடலும் கிடைத்தன. இத்தகைய வீரப் பதக்கங்களில் இந்தியன் டிஸ்டிங்விஷ்ட் சர்வீஸ் மெடலிலும் மிலிட்டரி மெடலிலும் விளிம்பைச் சுற்றி வீரரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு நான்கும் பொறிக்கப்பட்டிருக்கும். உங்கள் வீட்டிலுள்ள எதிலும் பெயர் இல்லை என்பதிலிருந்தே அவை இந்த வரிசையைச் சேர்ந்தவை அல்ல என்பது தெளிவு.

இனி அந்த இலையைப் பற்றி. அது நகைத் துண்டு அன்று. இரண்டாம் உலகப் போரில் ஒரு வீரரின் பெயரைப் படைத்தலைவர் தம் போர் அறிக்கையில் தனியாகக் குறிப்பிட்டு மேலிடத்துக்கு அனுப்பியிருந்தால், அதற்கு அடையாளமாக வார் மெடலின் நாடாவில் குத்திக்கொள்ள வெண்கலத்தில் ஓர் ஓக் இலை தருவார்கள். அதற்கெனத் தனிப் பதக்கம் கிடையாது. அந்த இலை ஒன்றுதான் சான்று. அந்தப் பதக்கத்தின் பின்புறத்தில் நான் சொன்ன சிங்கம் இருக்கிறதா என்று தயவுசெய்து பாருங்கள். இருந்தால், ஆசாரி உரைத்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்த அந்தப் பதக்கத்தில்தான் உங்கள் தாத்தா ஏதோ ஒரு நாளில், ஏதோ ஓர் இடத்தில், மற்றவர்களைவிட ஓர் அடி முன்னே நின்றார் என்பதற்கான அத்தாட்சி இருக்கிறது.

நட்சத்திரங்களும் ஊமைகள் அல்ல. ‘8-வது ஆர்மி’ பட்டை, 1942 அக்டோபர் 23-க்கும் 1943 மே 12-க்கும் இடையில் அந்தப் படையில் பணியாற்றியவர்களுக்கே உரியது. அதாவது எகிப்தில் எல் அலமைன் சண்டை தொடங்கிய நாள் முதல் துனீசியாவில் ஆப்பிரிக்கப் போர் முடிந்த நாள் வரையிலான அந்த ஏழு மாதங்களுக்குள் அவர் அங்கே இருந்திருக்கிறார். சாப்பர் என்றால் பாதையும் பாலமும் போடுகிற, கண்ணிவெடி அகற்றுகிற படைப் பொறியாளர். மதராஸ் சாப்பர்களின் 12-வது ஃபீல்டு கம்பெனி, நான்காவது இந்திய டிவிஷனோடு இருந்த படைப்பிரிவு. அந்த டிவிஷன் துனீசியாவிலிருந்து பின்னர் இத்தாலிக்குப் போய், 1944 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் காசினோ என்னும் மலையடிவாரத்தில் மிகக் கடுமையாகப் போரிட்டது. அந்த மலை உச்சியில் நூற்றாண்டுகள் பழமையான கிறிஸ்தவத் துறவிகளின் மடம் ஒன்று இருந்தது. 1944 பிப்ரவரி 15 அன்று நேச நாட்டு விமானங்கள் குண்டு வீசி அதைத் தரைமட்டமாக்கின. உங்கள் தாத்தா கோயில் என்று சொன்னது அதைத்தான். ரோடு என்றதும் வெறும் பேச்சன்று: அந்த மலைச்சரிவில் கோவேறு கழுதைகள் போய்வந்த ஒற்றையடித் தடத்தை, டாங்கிகள் ஏறும் அளவுக்கு இந்தியச் சாப்பர்களும் நியூசிலாந்துப் பொறியாளர்களும் வெட்டி அகலப்படுத்தினார்கள். அவர் கண்ணால் பார்த்ததைத்தான், ஒரு சொல் கூட்டாமல் சொல்லியிருக்கிறார்.

தேடுவதற்கு வழி உண்டு. போர் அறிக்கையில் பெயர் குறிப்பிடப்பட்டவர்களின் பட்டியல்கள் இலண்டன் கெஜட்டில் வெளியாயின. அவற்றை இணையத்தில் கட்டணமின்றித் தேடலாம். பெயரை ஆங்கிலத்தில் எப்படியெல்லாம் எழுதியிருக்கக்கூடும் என்று நான்கைந்து விதமாகத் தேடிப் பார்க்க வேண்டியிருக்கும். அன்றைய எழுத்தர்கள் தமிழ்ப் பெயர்களைக் காதில் விழுந்தபடி எழுதினார்கள். இலண்டனின் கியூ பகுதியில் இருக்கும் பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் வீர விருதுகளுக்கான பரிந்துரைகள் டபிள்யூ.ஓ. 373 என்ற தொகுப்பிலும், போர்க்காலப் படைப்பிரிவுகளின் நாட்குறிப்புகள் வேறு தொகுப்புகளிலும் இருக்கின்றன. இலைக்குரிய பரிந்துரை பெரும்பாலும் கிடைப்பதில்லை; ஆனால் கம்பெனியின் நாட்குறிப்பில் அன்றன்று எங்கே பாலம் போட்டார்கள், எங்கே கண்ணிவெடி அகற்றினார்கள் என்பது இருக்கும். எல்லாவற்றுக்கும் முதலில் வேண்டியது அவருடைய படை எண்.

பதில்: ஓய்வுபெற்ற சாப்பர் (திருவையாறு)

மேலே எழுதியவர் பதக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லிவிட்டார். நான் 1974 முதல் 24 ஆண்டுகள் மதராஸ் சாப்பர்ஸில் பணியாற்றியவன். அங்கே எங்களை ‘தம்பி’ என்றுதான் அழைப்பார்கள். வடக்கத்தி அதிகாரியும் அந்தச் சொல்லையே சொல்லுவார். நான் கேட்க விரும்புவது வேறு. உங்கள் தாத்தாவின் கையைப் பற்றியும் நடையைப் பற்றியும் நினைவில் இருப்பதைச் சொல்லுங்கள், ஐயா. தாள்களைக் கரையான் தின்றாலும், பழகிய வேலை ஒரு மனிதனின் உடம்பை விட்டு எளிதில் போகாது. முக்கியமாக, மண்ணில் அவர் எதையாவது விசித்திரமாகச் செய்து பார்த்ததுண்டா?

இன்னொன்று. பட்டாளத்திலிருந்து வந்தவரென்றால் வீட்டில் ஒரு இரும்பு டிரங்குப் பெட்டி இருக்கும். அதன் மூடியை நன்றாகத் துடைத்துப் பாருங்கள். நாங்கள் எல்லோரும் எண்ணையும் பெயரையும் வெள்ளைப் பெயிண்டில் மூடியின் மேல் எழுதித்தான் ரயிலேறுவோம்.

புதுஆற்றங்கரை (ஒரத்தநாடு)

இருவருக்கும் என் நன்றி. பதக்கத்தின் பின்புறத்தில் சிங்கம் இருக்கிறது. அதன் காலடியில் இரண்டு தலைகளும் தெரிகின்றன. மாமாவிடம் சொன்னேன். நெடுநேரம் அந்த இலையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நாடாவோடு சேர்த்து ஒரு வெள்ளைத் துணியில் மடித்துத் தம் பீரோவில் வைத்துவிட்டார்.

ஐயா கேட்ட பிறகுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. தாத்தாவிடம் முழங்கை நீளத்தில், முனை கூர்மையான இரும்புக் கம்பி ஒன்று எப்போதும் இருக்கும். புதிதாக மண் கொட்டிய இடத்திலோ, புதர் வெட்டித் திருத்தப் போகும் திடலிலோ, கால் வைக்கும் முன் குந்தி உட்கார்ந்து, அந்தக் கம்பியை நேராகக் குத்தாமல் சாய்வாகப் பிடித்து, ஒரு சாண் தள்ளி ஒரு சாண் தள்ளி மெதுவாக மண்ணுக்குள் செலுத்திப் பார்ப்பார். பாம்புப் புற்றுக்கு அஞ்சி அப்படிச் செய்கிறார் என்று நாங்கள் நினைத்தோம். மூத்த பேரன்கள் அவருக்குப் பின்னால் நின்று அதைச் செய்துகாட்டிச் சிரித்ததும் உண்டு.

1977 நவம்பர்ப் புயல் மழையில் எங்கள் ஊருக்கு மேற்கே வாய்க்கால் கரை உடைத்துக்கொண்டபோது எனக்கு ஒன்பது வயது. ஊரே திரண்டு மணல் மூட்டையைப் போடுவதும், அதை வெள்ளம் உருட்டிக்கொண்டு போவதுமாக இருந்தது. தாத்தா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, உடைப்பின் வாயில் நேராக மூட்டை போடுவதை நிறுத்தச் சொன்னார். இரண்டு ஓரங்களிலும் சவுக்குக் கழிகளை இரண்டு வரிசையாக அடித்து, குறுக்கே மூங்கில் வைத்துக் கட்டி, வரிசைகளுக்கு நடுவில் வைக்கோல் பிரியையும் களிமண்ணையும் மிதித்து இறுக்கிக்கொண்டு, வாயை ஓரத்திலிருந்து சிறுகச் சிறுகக் குறுக்கிக்கொண்டே வந்தார்கள். கழியையும் மூங்கிலையும் அவர் கட்டிய கட்டு வேறு மாதிரி இருந்தது: முதலில் கழியில் ஒரு சுருக்குப் போட்டு, பிறகு மேலும் கீழுமாக மூன்று சுற்று, அதன்பின் இரண்டு மரங்களுக்கும் நடுவில் கயிற்றையே கயிற்றால் சுற்றி நெரித்து இறுக்குவார். எங்கள் ஊரில் பந்தல் போடுகிறவர்கள் அந்தக் கட்டைப் பிற்பாடு கற்றுக்கொண்டு, இன்றும் ‘பட்டாளத்துக் கட்டு’ என்றே சொல்கிறார்கள்.

பதில்: ஓய்வுபெற்ற சாப்பர் (திருவையாறு)

ஐயா, அந்தக் கம்பியின் சாய்வைப் படித்ததும் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அது பாம்புக்காகச் செய்தது அன்று. கண்ணிவெடி பெரும்பாலும் மேலிருந்து விழும் அழுத்தத்துக்கு வெடிக்கும். கம்பியை நேராகக் குத்தினால் அதன் தலையில் குத்திவிடுவோம். சாய்வாகச் செலுத்தினால் பக்கவாட்டில் தட்டுப்படும், கை அதை உணர்ந்ததும் நின்றுவிடலாம். ஒரு சாண் இடைவெளி வைத்தது, நடுவில் ஒன்று தப்பிவிடக்கூடாது என்பதற்காக. எங்களுக்கும் பெங்களூரில் முதல் ஆண்டிலேயே அதைத்தான் குப்புறப் படுக்க வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். உலோகத்தைக் கண்டறியும் கருவி அவர் காலத்திலேயே வந்துவிட்டது. ஆனால் இத்தாலியில் ஜெர்மானியர்கள் மரப்பெட்டிக்குள் வைத்த கண்ணிகளை ஏராளமாகப் புதைத்திருந்தார்கள். அவற்றைக் கருவி காட்டிக்கொடுக்காது. கம்பியும் கையும்தான் கண்டுபிடிக்க வேண்டும். போர் முடிந்து ஊருக்கு வந்து நாற்பது ஆண்டுகள், தம் சொந்த நிலத்திலேயே, பேரன்கள் சிரிக்கச் சிரிக்க அவர் அதை விடாமல் செய்திருக்கிறார் என்றால், அதே இடைவெளியில் மண்ணுக்குள் எதையெல்லாம் கண்டெடுத்திருப்பார், பக்கத்தில் படுத்திருந்தவர்களில் யாரையெல்லாம் இழந்திருப்பார் என்று நினைத்துப் பாருங்கள்.

அந்த வேலை எப்படிப்பட்டது என்பதற்கு எங்கள் படையினர் ஒவ்வொருவருக்கும் மனப்பாடமான ஒரு நிகழ்ச்சி உண்டு. காஞ்சிபுரம் பகுதியைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியம், மதராஸ் சாப்பர்களின் 11-வது ஃபீல்டு பார்க் கம்பெனியில் இருந்தார். உங்கள் தாத்தாவின் கம்பெனியைப் போலவே அதுவும் நான்காவது டிவிஷனைச் சேர்ந்ததுதான். மடத்தின் மீது குண்டு விழுந்து ஒன்பதாம் நாள், 1944 பிப்ரவரி 24 அன்று, காசினோவுக்குத் தெற்கே மின்யானோ என்ற இடத்தில் ஒரு சிறு குழுவோடு கண்ணிவெடிகளை அகற்றி வழி ஏற்படுத்திக்கொண்டிருந்தார். ஒரு கண்ணி உயிர்பெற்றது. அந்த வகைக் கண்ணி தூண்டப்பட்டவுடன் வெடிக்காது. ஏறத்தாழ நான்கு நொடிகள் கழித்து இடுப்பளவு எழும்பி, சுற்றிலும் இரும்புக் குண்டுகளைத் தெறிக்கவிடும். அந்த நான்கு நொடிகளில் அவர் அதன்மேல் பாய்ந்து படுத்துத் தம் உடலால் அதை மூடிக்கொண்டார். அவர் இறந்தார், உடனிருந்தவர்கள் பிழைத்தார்கள். ஜார்ஜ் கிராஸ் என்னும் மிக உயரிய விருதைப் பெற்ற முதல் இந்தியர் அவர்தான். அதே பிப்ரவரியில், அதே மலைப் பகுதியில், அதே வேலையைச் செய்துகொண்டிருந்தவர்களில் ஒருவராக உங்கள் தாத்தாவும் இருந்திருக்க மிகவும் வாய்ப்புண்டு.

உடைப்பை ஓரத்திலிருந்து குறுக்கிக்கொண்டு வந்ததைப் பற்றி ஒரு வார்த்தை. அதைப் பட்டாளம் அவருக்குக் கற்றுக்கொடுத்தது என்று சொல்ல நான் துணிய மாட்டேன். காவிரிக் கரையில் பிறந்தவனுக்குத் தண்ணீரின் போக்கும், குடிமராமத்தில் மண் மிதிக்கும் பழக்கமும் சிறு வயதிலேயே வந்துவிடும். கொள்ளிடம் உடைத்தபோதெல்லாம் எங்கள் பாட்டன்மார் தட்டியும் வைக்கோலும் வைத்துத்தான் அடைத்தார்கள். ஆனால் நீங்கள் சொன்ன அந்தக் கட்டு, கழியில் சுருக்கு, மூன்று சுற்று, நடுவில் நெரிப்பு என்ற வரிசையில் வரும் அந்தக் கட்டு, எழுத்துப் பிசகாமல் சாப்பர் கட்டு. ஆகவே மண் வேலையை இங்கிருந்து அங்கே கொண்டுபோனார், கயிற்று வேலையை அங்கிருந்து இங்கே கொண்டுவந்தார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஓய்வூதியம் இல்லாமற்போனது அவர் ஒருவருக்கு மட்டும் நேர்ந்ததன்று. படைவீரர்களுக்கு ஓய்வூதியம் கிடைக்கப் பதினைந்து ஆண்டுச் சேவை வேண்டும். போருக்கென்று எடுக்கப்பட்டவர்களை ஆறேழு ஆண்டுகளில் விடுவித்துவிட்டார்கள். படை எண் கிடைத்தால், உறவுமுறைக்கான சான்றோடு தஞ்சாவூரில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் வழியாகப் பெங்களூரில் உள்ள மதராஸ் எஞ்சினியர் குரூப்பின் ஆவணப் பிரிவுக்கு எழுதுங்கள். டிரங்குப் பெட்டியை மறந்துவிடாதீர்கள்.

பதில்: கீழ்வேளூர் ஆசிரியை (நாகப்பட்டினம் மாவட்டம்)

இந்த இழையைத் தொடர்ந்து படித்துவருகிறேன். கல்லைப் பற்றி நானும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். ‘விவசாயக் குடும்பத்திலிருந்து போரில் சேர்ந்தவர்’ என்று நாம் எளிதாக எழுதிவிடுகிறோம். எட்டு மா நிலமும் கடனும் வைத்திருந்த வீட்டிலிருந்து போனவரும் விவசாயிதான். ஒரு குழி நிலமும் இல்லாமல், மிராசுதாரர் வீட்டுப் பண்ணையாளாகப் பிறந்து, அங்கிருந்து போனவரும் விவசாயிதான். இருவரும் ஒரே படையில் ஒரே கயிற்றை இழுத்திருக்கிறார்கள், ஆனால் திரும்பி வந்த ஊர் இருவருக்கும் ஒன்றாக இருக்கவில்லை.

என் தந்தைவழித் தாத்தா கீழத் தஞ்சையில் ஒரு பண்ணையில் ஆளாக இருந்தவர். மதராஸ் சாப்பர்களில் ஆதிதிராவிடர்கள் நெடுங்காலமாகவே பெருமளவில் சேர்ந்துவந்தார்கள். காலாட்படையிலோ, தென்னாட்டார் போருக்கு உதவாதவர்கள் என்று வெள்ளைக்காரர்கள் தாங்களாகவே ஒரு கொள்கை வகுத்துக்கொண்டு மதராஸ் ரெஜிமெண்டையே 1920-களில் கலைத்துவிட்டு, உலகப்போர் வந்து ஆள் தேவைப்பட்டதும் 1940-களின் தொடக்கத்தில் மறுபடி எழுப்பினார்கள். ஆனால் சாப்பர்களை மட்டும் அவர்களால் ஒருபோதும் விட முடியவில்லை. பண்ணைக் கடனைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்த ஒருவர், பண்ணையாரின் சம்மதத்தைக் கேட்காமல் ஊரைவிட்டு வெளியேறுவதற்கு அன்றைக்கு இருந்த மிகச் சில வழிகளில் பட்டாளமும் ஒன்று. என் தாத்தா இரவோடு இரவாக நாகப்பட்டினத்துக்கு நடந்துபோய் ரயிலேறினார். 1946-ல் பூட்ஸ் அணிந்து திரும்பி வந்தார். தெருமுனையில் அவரை நிறுத்தி, அதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்கள். அவர் கழற்றவில்லை, வந்த வழியே திரும்பி, வயல் வரப்பு வழியாகச் சுற்றிக்கொண்டு, பூட்ஸோடேயே தம் குடிசைக்குப் போனார். அதற்கு முன்பே, 1943 முதல், கம்யூனிஸ்ட் தலைவர் சீனிவாசராவ் தலைமையில் எங்கள் பக்கத்தில் விவசாயத் தொழிலாளர்கள், சாணியைக் கரைத்துக் குடிக்க வைக்கும் சாணிப்பால் தண்டனைக்கும் சவுக்கடிக்கும் எதிராகச் சங்கம் கட்டத் தொடங்கியிருந்தார்கள். தாத்தா மறு மாதமே அதில் சேர்ந்தார். 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகுதான் தமக்குப் போர் முடிந்தது என்று சொல்வார்.

இதை இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு. பள்ளிக் கல்லில் பெயர்களைத் தொகுக்கிறவர்கள் பொதுவாக ஊர்த் தெருவிலிருந்து மட்டும்தான் பெயர்களைக் கேட்டு வாங்குகிறார்கள். உங்கள் ஊரின் காலனிப் பகுதியிலிருந்து பட்டாளத்துக்குப் போனவர்கள் யாருமில்லையா என்று ஒருமுறை நேரில் போய்க் கேட்டுவிட்டுக் கல்லை வெட்டச் சொல்லுங்கள், தம்பி. உங்கள் தாத்தா முதலாவதாகப் போனவர்தானா என்பதும் அங்கே கேட்டால்தான் தெரியும்.

புதுஆற்றங்கரை (ஒரத்தநாடு)

தாமதமாக எழுதுவதற்கு மன்னிக்கவும். இந்த இரண்டு வாரங்களில் நடந்தவற்றைச் சொல்கிறேன்.

டிரங்குப் பெட்டி சமையற்கட்டுப் பரணில், புளிப்பானைக்குப் பின்னால் கிடந்தது. மூடியில் புகைக்கரி ஒரு விரற்கடை ஏறியிருந்தது. மண்ணெண்ணெய் தொட்ட துணியால் மாமாவும் நானும் மெதுவாகத் துடைத்தோம். முதலில் ஓர் எண் தெரிந்தது. பிறகு தாத்தாவின் பெயர், நாங்கள் எழுதும் எழுத்துக்கூட்டலில் இல்லாமல் வேறு விதமாக. அதற்கும் கீழே மதராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் என்பதன் சுருக்கம். பெயருக்கு முன்னால் நாயக் என்று இருந்தது. அவர் சிப்பாயாகவே வந்தார் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தோம். அந்த எண்ணோடு நல அலுவலகத்தில் மனுக் கொடுத்திருக்கிறேன். அந்த எழுத்துக்கூட்டலை வைத்துக்கொண்டு இலண்டன் கெஜட்டையும் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துவருகிறேன்.

ஆசிரியை அம்மா சொன்னபடி காலனிக்கும் போனேன். அங்கே மூன்று பெயர்கள் கிடைத்தன. அவர்களில் ஒருவர் தாத்தாவுக்கு ஓராண்டு முன்பே, 1939-ல் சேர்ந்தவர், போரிலிருந்து திரும்பவில்லை. அவருடைய தம்பி மகன் இருக்கிறார். புகைப்படம் ஒன்றுகூட இல்லை. பெயரையும் ஆண்டையும் மட்டும் தலைமுறை மறவாமல் வைத்திருக்கிறார்கள். ஊராட்சியில் இதைச் சொன்னபோது ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. பட்டியலில் முதற்பெயர் இப்போது அவருடையது, தாத்தா இரண்டாவது.

தாத்தாவின் பெயருக்குக் கீழே நாங்கள் எழுத நினைக்கும் வாசகம் இது: ‘நாயக், மதராஸ் சாப்பர்ஸ், 12-வது ஃபீல்டு கம்பெனி. ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் பணியாற்றிய சிப்பாய். போர் அறிக்கையில் பெயர் குறிப்பிடப்பட்டு வெண்கல இலை பெற்றவர். இவ்வூர் விவசாயி.’ இதில் பிழை ஏதும் இருந்தால் சொல்லுங்கள். அடுத்த வாரம் கல் வெட்டுகிறவர் வருகிறார்.

பதில்: ஓய்வுபெற்ற சாப்பர் (திருவையாறு)

ஒரே ஒரு சொல் மட்டும். ‘சிப்பாய்’ என்பதை எடுத்துவிட்டுச் ‘சாப்பர்’ என்று போடுங்கள். நாயக்காக உயர்ந்த பிறகும், சுபேதாராக உயர்ந்த பிறகும், எங்களில் ஒருவரைச் சொல்லும்போது அந்தச் சொல்லைத்தான் சொல்வோம். திருப்பூந்துருத்தியில் மகள் வீட்டில்தான் இப்போது இருக்கிறேன். கல் நாட்டும் நாளைச் சொன்னால் பேருந்தேறி வந்துவிடுவேன். அந்தக் கம்பி இன்னும் வீட்டில் இருந்தால், அதையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.